தோல்வியும் ஆசிரியனும்

(ஸ்ரீரங்கத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங் கழிக்கும் என்னைக் கூடைப்பந்தைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் கேட்டபோது, இஃது எனக்குரிய விஷயமன்று என்றே முதலில் மறுத்தேன். அவ்வாட்டத்தின் விதிகளை யான் அறிந்தது சிறிது. ஆடியறிந்தது அதனினும் சிறிது. ஆயினும் இவ்விஷயம் ஆட்டத்தைப் பற்றியது மாத்திரமன்று, ஆசிரியத் தொழிலைப் பற்றியதுமாம் என்று அவர்கள் வற்புறுத்தவே இசைந்தேன். என் பேச்சில் நேரும் குற்றங் குறைகளைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

விஷயம் யாவரும் அறிந்ததே. நம் சங்கத்துச் சிறுவர்களின் கூடைப்பந்துக் குழு நான்காண்டுகளாகப் போட்டிகளில் தோற்றே வருகின்றது. பந்துக்கும் சட்டைக்கும் வழிச்செலவுக்குமாகச் சங்கம் அளித்துவரும் சிறு தொகையை நிறுத்திவிடலாம் என்று ஒரு தீர்மானமும், ஊதியமின்றிப் பயிற்றிவரும் டிரில் மாஸ்டரை விலக்கி வேறொருவரை அமர்த்தலாம் என்று மற்றொரு தீர்மானமும் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு வரவிருக்கின்றன. இவற்றைக் கொண்டுவருவோர் சிறுவர்களுக்குப் பகைவரல்லர். சங்கத்தின் பொருள் பலருடைய உழைப்பினால் வந்தது. அதற்குக் கணக்குக் கேட்பது கடமையே. யான் வினவுவது ஒன்றுதான்: அக்கணக்கை எந்த மரக்காலால் அளப்பது?

வெற்றியொன்றே அளவாகுமெனில், நம் முன்னோர் அவ்வாறு கருதினாரல்லர் என்பதற்குச் சான்று நமக்கு அண்மையிலேயே உளது. உறையூரைச் சிறப்பித்தவன் என்று புகழப்பெறும் கரிகால்வளவன், தஞ்சைக்குக் கிழக்கேயுள்ள வெண்ணி என்னும் ஊரில் சேரமான் பெருஞ்சேரலாதனைப் போரில் வென்றான். வளவன் எய்த கருவி சேரனது மார்பை ஊடுருவிப் புறத்தும் புண்செய்தது. புறப்புண்ணுக்கு நாணிய சேரன் வடக்கிருந்தான். இதனைப் பாடிய புலவர் வெண்ணிக்குயத்தியார், அவ்வூர்க் குயவர் குடியிற் பிறந்த பெண்பாலார் என்பர். அவர் வென்ற அரசன் முன்னே நின்று, நின்னினும் தோற்றவனே நல்லன் அல்லனோ என்னும் கருத்தமையப் பாடினார். அப்பாட்டைப் புறநானூற்றில் இன்றுங் காணலாம். சேரன் செய்தவாறு உயிர் துறத்தல் நமக்கு வழியன்று. அஃது அக்காலத்து அரசர் முறை. நாம் கொள்ளத்தக்கது அப்புலவர் கைக்கொண்ட அளவுகோலேயாம். வென்றவன் முன்னிலையிலேயே தோற்றவனுடைய பெருமையை எடுத்துரைத்த நாவு நம் நாட்டு நாவு.

நிற்க. இனி நம் சிறுவர்கள் ஆடும் ஆட்டத்திற்கே வருவோம். அதனைக் கண்டுபிடித்தவர் யாவர், அவர் பயிற்றிய குழுவின் வெற்றி தோல்விகள் எத்தகையன என்பவற்றை அறிந்தால், இத்தீர்மானங்களைப் பற்றி நாம் வேறுவகையாக எண்ண நேரும்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் 1861-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி கனடா தேசத்தில் ஆல்மாண்ட் என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். ஒன்பதாம் வயதிலேயே தாயையும் தந்தையையும் விஷசுரத்திற்குப் பறிகொடுத்து, மாமன் வீட்டில் வளர்ந்தார். இடையே பள்ளியை விட்டு மரம் வெட்டும் தொழிலுக்குப் போய், மீண்டும் பள்ளிக்கு வந்து படித்தார். மாண்ட்ரியால் நகரில் பட்டமும் சமயக் கல்வியும் பெற்றபின், 1890-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரிலிருந்த வொய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியை அடைந்தார்.

அங்கே 1891-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் அவரிடம் ஒரு வகுப்பு ஒப்புவிக்கப்பட்டது. வெளியே பனி மூடிக் கிடந்தமையால் ஓடியாட இடமில்லை. உள்ளே செய்யும் தேகப்பயிற்சியோ இளைஞர்களுக்குச் சலிப்பாயிற்று. அவருக்கு முன்னர் அவ்வகுப்பை ஏற்ற ஆசிரியர் இருவர் கைவிட்டுப் போயினர். உடற்பயிற்சித் துறைத் தலைவராகிய லூதர் கியூலிக், பதினான்கு நாள்களுக்குள் புதிய ஆட்டமொன்றை வகுத்துத் தருமாறு நெய்ஸ்மித்துக்குக் கட்டளையிட்டார். வெளியில் ஆடும் கால்பந்து முதலியவற்றை உள்ளுக்கேற்ப மாற்றிப் பார்த்தார், ஒன்றும் பயன்படவில்லை. கெடு முடியுமட்டும் அவர் கண்டது தோல்வியே.

அத்தோல்விகளை ஆராய்ந்ததினாலேயே புதிய ஆட்டம் பிறந்தது. பந்தைக் கையிற் கொண்டு ஒருவன் ஓடுவதனாலன்றோ மற்றவன் அவனைப் பிடித்துத் தள்ளுகிறான்? ஆதலின் பந்தோடு ஓடலாகாது என்று விதித்தார். இலக்குத் தரைமட்டத்தில் இருப்பதனாலன்றோ பந்தை வலிந்து எறிகின்றனர்? ஆதலின் இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்தினார். வலிமையால் ஆகாததை நிதானத்தால் முடிக்கவேண்டுவதாயிற்று. பள்ளியின் காவலாளி எடுத்துவந்த பீச் பழக் கூடைகள் இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் அறைந்தனர். அவ்வுயரம் பத்தடி, இன்றும் அதுவே விதி. பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, மாணாக்கர் பதினெண்மரைப் பக்கத்திற்கு ஒன்பதின்மராகப் பிரித்து ஆடச் செய்தார். அம்முதலாட்டத்தில் ஒரே முறைதான் பந்து கூடையில் வீழ்ந்தது.

இத்துணைப் புகழுக்குரிய அவ்வாசிரியர் 1898-இல் வைத்தியப் பட்டமும் பெற்று, அவ்வாண்டே லாரன்ஸ் நகரிலுள்ள கான்ஸாஸ் பல்கலைக்கழகத்திற் பணியேற்றார். அங்கே அவர் கூடைப்பந்துக் குழுவையும் பயிற்றினார். ஆட்டத்தை வகுத்தவரே ஆசிரியராயின் அக்குழு எவரையும் வெல்லும் என்றன்றோ நாம் எண்ணுவோம்? நிகழ்ந்தது வேறு. 1899-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி நடந்த முதற்போட்டியிலேயே அவர் குழு 16-க்கு 5 என்னும் கணக்கில் தோற்றது.

அவர் காலத்துக் கணக்கைச் சிறிது விரித்துச் சொல்லுகிறேன். கணக்குக் கேட்கும் அன்பர்கள் கவனிப்பாராக. முதலாண்டில் வெற்றி 7, தோல்வி 4. அடுத்த ஆண்டில் வெற்றி 3, தோல்வி 4. மூன்றாமாண்டில் 4-ம் 8-ம். நான்காமாண்டில் 5-ம் 7-ம். ஐந்தாமாண்டில் 7-ம் 8-ம். ஆறாமாண்டில் 5-ம் 8-ம். ஏழாமாண்டில் 5-ம் 6-ம். ஆக, இடையீடின்றி ஆறாண்டுகள் தோல்வியே மிகுந்திருந்தது. எட்டாமாண்டில் வெற்றி 12 ஆகவும் தோல்வி 7 ஆகவும் நிலை மாறிற்று. ஒன்பதாமாண்டில் மறுபடியும் 7-ம் 8-ம். 1907-இல் அவர் அப்பொறுப்பை விட்டபோது மொத்த வெற்றி 55. மொத்தத் தோல்வி 60. அப்பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்துப் பயிற்சியாசிரியர்களுள் வெற்றியினும் தோல்வி மிகுதியாகப் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே! ஆட்டத்தைப் படைத்தவருக்கே இந்நிலையெனில், அதனைக் கற்றுக்கொடுக்கும் நம் டிரில் மாஸ்டர் எம்மாத்திரம்?

அவர் தோற்றதன் காரணம் யாது? ஆட்டத்தை அவர் உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் கருவியாகக் கருதினாரேயன்றி, வென்று பரிசு பெறும் வழியாகக் கருதினாரல்லர். எதிரியை மடக்கும் உத்திகளை வகுத்துப் பழக்குவதில் அவருக்கு ஊக்கம் குறைவு. கூடைப்பந்து ஆடுதற்குரியது, பயிற்றுதற்குரியதன்று என்று தம் மாணாக்கர் ஒருவரிடமே அவர் சொன்னாரென்பர். இதில் அவரிடம் குறையே இல்லையென்று யான் சாதிக்கப் புகவில்லை. உத்திகளிலும் கருத்துச் செலுத்தியிருப்பின் தோல்விகள் சில வெற்றிகளாயிருக்கலாம். ஆயினும் அப்பல்கலைக்கழகத்தார் அவரை வெளியேற்றினாரல்லர். குழுப் பொறுப்பை விட்ட பின்னரும் 1937-ஆம் ஆண்டுவரை அவர் அங்கே ஆசிரியராகவே விளங்கினார்.

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு ஆசிரியரைப் பற்றிப் பேசுகின்றவன் பரம்பரையைப் பற்றிப் பேசாதிருத்தல் கூடாது. குருபரம்பரை என்னும் சொல்லின் பொருளை இவ்வூர்க் குழந்தையும் அறியும். ஓர் ஆசிரியனுடைய கணக்கு அவனோடு முடிவதில்லை. அவன் மாணாக்கரிடத்தும், அவர்தம் மாணாக்கரிடத்தும் சென்று நிறைவேறும். நெய்ஸ்மித் வென்ற மொழியில் சொன்ன அந்த மாணாக்கர் பாரஸ்ட் ஆலன் என்பவர். ஆசிரியர் சொல்லை அவர் இவ்வொன்றில் ஏற்காது, பயிற்றவும் இயலும் என்று காட்டப் புகுந்து, அதே பல்கலைக்கழகக் குழுவுக்கு 590 வெற்றிகளைத் தேடித் தந்தார். ஆலனிடம் பயின்றவர் அடால்ப் ரப்; கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற வெற்றிகள் 876. ஆலனிடம் பயின்ற மற்றொருவர் டீன் ஸ்மித். வட கரோலினாவில் அவர் பெற்றவை 879. இவ்வெற்றிகளுக்கெல்லாம் வேர், 60 தோல்விகளைப் பெற்ற அந்த முதல்வரிடத்திலேயே உளது. வேரைப் பார்ப்பார் இலர். பழத்தை எண்ணுவாரே பலர்.

இன்னுமொரு மாணாக்கரைப் பற்றிக் கூறாது விடின் என் மனம் அமையாது. ஜான் மக்லெண்டன் என்னும் கருப்பர் இன இளைஞர் 1933-இல் அப்பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். நிறங் காரணமாக அக்குழுவில் ஆட அவரை விட்டாரில்லை. களத்திற் புகுதல் ஆகாதென விலக்கப்பட்ட அவ்விளைஞரை நெய்ஸ்மித் தம் மாணாக்கராக ஏற்று, ஆசிரியத் தொழிலுக்கு உரியவராக்கினார். மக்லெண்டன் பின்னர் வட கரோலினாவில் கருப்பர் கல்லூரியொன்றில் பயிற்சியாசிரியரானார். 1944-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ஊரார் கோயிலில் வழிபட்டிருந்த வேளையில், கதவடைத்த கூடத்தில், அவர் மாணாக்கர் டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவராகிய வெள்ளையர் குழுவோடு மறைவாக ஆடி 88-க்கு 44 என வென்றனர். ஒருங்கு ஆடுதலே குற்றமெனக் கருதிய காலம் அது. பின்னர் டென்னஸியில் 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து தேசிய வெற்றிப் பட்டத்தை அவர் குழு பெற்றது. வேலிக்கு வெளியே நின்ற ஒருவனை ஆசிரியன் நோக்கிய ஒரு நோக்கினால் விளைந்த பயன் இது.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள்தாமே எனின், அற்றன்று. நெய்ஸ்மித் ஆசிரியராயிருந்த அதே ஸ்பிரிங்பீல்டுப் பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் வொய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் கல்லூரியாக விளங்குவது. அங்குப் பயின்றோர் தமிழ்நாட்டின் பள்ளிகள் பலவற்றில் டிரில் மாஸ்டர்களாக அமர்ந்தனர். ஆதலின் அக்கூடையடியில் நின்ற முதலாசிரியருக்கும், இங்கே நம் சிறுவர்களுக்கு ஊதல் ஊதும் ஆசிரியருக்கும் இடையே ஒரு பரம்பரைத் தொடர்பு உண்டென்றல் மிகையாகாது.

தோல்வியும் நமக்குப் புதிதன்று. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ நகரத்து ஒலிம்பிக் போட்டியில் இந்திய ஆடவர் கூடைப்பந்துக் குழு ஏழாட்டங்கள் ஆடி ஏழிலும் தோற்றது. இந்தியக் கூடைப்பந்துக் குழு ஒலிம்பிக் களத்திற் புகுந்தது அஃதொருமுறையே. ஏழிலும் தோற்றார் என்பாரும் உளர்; அவ்விடம்வரை சென்றார் என்பாரும் உளர். இரண்டும் உண்மையே.

இனி, மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். அன்பரொருவர் என்னிடம் கபடியை எடுத்துக்காட்டினார். புரோ கபடித் தொடரில் 2017-இல் புகுந்த தமிழ் தலைவாஸ் குழு முதல் நான்கு தொடர்களிலும் முதற்சுற்றைக் கடக்கவில்லை. 2019-இல் பன்னிரண்டு குழுக்களுள் கடைசியாக நின்றது. பயிற்சியாசிரியர்களை மாற்றினர். 2022-இல் தொடரின் நடுவே அஷன்குமார் என்பவர் பொறுப்பேற்க, அக்குழு அரையிறுதிவரை முன்னேறியது. "ஆசிரியரை மாற்றினால் வெற்றி வருமென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ, ஐயா?" என்பது அவ்வன்பரின் வினா.

நல்ல வினாவே. அதற்கு என் விடை இது. அக்குழு பொருள் கொடுத்து வீரர்களை அமர்த்திய குழு. கட்டணம் செலுத்திக் காண்போரின் பொருட்டு ஆடுவது. வெற்றியே அதன் தொழில். தொழிலில் தேர்ச்சி குறையின் ஆளை மாற்றுதல் முறை. நம் குழுவோ சிறுவர்களை ஆளாக்கும் பொருட்டுத் தொடங்கப்பெற்றது. நெல்லுக்கென உழுத நிலத்தில் கரும்பு விளையவில்லையே என்று உழவனை நொந்துகொள்ளலாமோ? சங்கம் எதனை விதைத்ததோ, அது விளைந்துளதா என்றே நாம் பார்க்கவேண்டும்.

விளைந்துளதா? யான் கண்டதைச் சொல்லுகிறேன். நம் சிறுவர்கள் ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து பயிற்சிக்குப் போகின்றனர். முன்னே வகுப்பில் வாய்திறவாத பையன் ஒருவன் இப்பொழுது சிறியோருக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கிறான். சென்ற ஆண்டுப் போட்டியொன்றில் ஆட்டம் முடியுந் தறுவாயில் பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. நடுவர் அதனை நம் பக்கத்தார்க்கே அளித்தார். நம் பையன் உடனே கையை உயர்த்தி, "சார், கடைசியிலே என் கைதான் பட்டுது" என்றான். பந்து எதிரிகளிடம் போயிற்று. ஓர் எண்ணில் தோற்றோம். உடனிருந்த பெரியவர் ஒருவர், "இவனுக்கெல்லாம் எதற்கு ஆட்டம்?" என்று கடிந்தார். டிரில் மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அப்பையனுக்குத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தார். அவ்வொரு செயலில் அவர் கற்பித்த பாடம், யான் ஓராண்டு நீதிநூல் நடத்தியும் கற்பிக்கலாகாத பாடம். அக்கையைச் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கில் எப்பக்கத்தில் எழுதுவோம்?

நன்னூலாசிரியராகிய பவணந்தியார் நல்லாசிரியனுக்கு நிலத்தை உவமை கூறினார். நிலம் தன்னை அகழ்வாரையும் பொறுக்கும். உழுவோன் முயற்சிக்குத் தக்க பயனையுந் தரும். ஆதலின் விளைவில் உழுவோனுக்கும் பங்குண்டு. பயிற்சிக்கு வாரத்திற் பாதி நாள் வாராத பையன்களையும், தேர்வு வந்தவுடன் ஆட்டத்தை நிறுத்தும் பெற்றோர்களையும் விட்டுவிட்டு, ஆசிரியர் ஒருவரையே குற்றவாளியாக்குதல் நீதியாமோ? துலாக்கோலையும் அவர் ஆசிரியனுக்கு உவமை கூறினார். ஆசிரியனை அளக்கப் புகும் நம் கையிலும் அக்கோல் சாயாதிருத்தல் வேண்டும்.

ஆதலின் சபையோர் முன்னிலையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, அச்சிறு தொகையை நிறுத்தலாகாது. ஒரு கலியாண வீட்டுப் பந்தற் செலவில் சிறு கூறே அது.

இரண்டாவது, டிரில் மாஸ்டரை விலக்கலாகாது. ஆனால் உத்திகளை அறிந்த இளைஞர் ஒருவரை அவருக்குத் துணையாக அமர்த்துதல் நன்று. நெய்ஸ்மித்தும் ஆலனும் ஒருங்கு நின்றாற்போல் ஒழுக்கமும் உத்தியும் சேரின் வெற்றியும் ஒருகால் வந்தெய்தும். வாராவிடினும் இழப்பில்லை.

மூன்றாவதைச் சிறிது தயங்கியே கூறுகிறேன். நம் சிறுவர்கள் ஆடும்போது கம்பி வேலிக்கு அப்பால் அத்தெருப் பிள்ளைகள் சிலர் நின்று பார்க்கின்றனர். பந்து வெளியே வந்தால் ஓடி எடுத்துக் கொடுக்கின்றனர். அவர்கள் நம் சமூகத்தாரல்லர் என்பதனால் உள்ளே விடுவதில்லை. சங்கம் நம்முடையது, அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் நம்முடையதன்று. எங்கோ ஒரு தேசத்துப் பெற்றோரில்லாப் பிள்ளை வளர்ந்து ஆளாகி உலகத்தார்க்கெல்லாம் கொடுத்த கொடை. அதனைக் கண்டுபிடித்தமைக்கு அவர் பொருளொன்றும் ஈட்டவில்லை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் அவ்வாட்டம் முதன்முறை சேர்க்கப்பெற்றபோது, ஆட்டத்தின் அன்பர்கள் திரட்டிய பொருளைக்கொண்டே அவர் அங்குச் சென்று வந்தார். இலவசமாக வந்ததை வேலியிட்டுக் காத்தல் நம் பெருமைக்குத் தகுமோ? வேலிக்கு அப்பால் நிற்பவருள் மக்லெண்டன் எவனென்று யார் அறிவார்? அவர்களையும் உள்ளே அழைக்குமாறு டிரில் மாஸ்டருக்கு அனுமதியளித்தல் வேண்டும். இதற்கு உடன்படாதாரும் நம்முள் இருப்பர். அவர்கள் தம் கருத்தைப் பொதுக்கூட்டத்தில் தாராளமாகக் கூறுக. ஆனால் முடிவு செய்யுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மைதானத்திற்கு வந்து சிறிது நேரம் நின்று பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் வெல்லவேண்டுமென்றே யான் விரும்புகிறேன். தோல்வி இனிதென்று எவன் கூறுவான்? நன்றாகப் பழகுங்கள், முயன்று ஆடுங்கள். ஆனால் கை பட்டதென்றால் பட்டதென்று சொல்லும் அந்நாவை மாத்திரம் ஒருநாளும் தோற்றுவிடாதீர்கள். அது நிலைக்குமாயின் ஏனையவற்றை மெல்லப் பெற்றுக்கொள்ளலாம்.